நடு ஸ்டம்ப் பறந்த பந்து

லிஸ்டன் கிட்டன்ஸ் பந்து வீசிய காலத்தில் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நங்கூரம் போடும். நம்பாவிட்டால் என் விரல்களைப் பாருங்கள். விக்கெட் கீப்பராக நின்று அவன் பந்துகளை வாங்கி வாங்கி, பத்தும் பத்துத் திசையைக் காட்டுகின்றன. பிறகு தபால் நிலையத்தில் ஓய்வு பெறும்வரை இதே விரல்களால் முத்திரை குத்தினேன்; ஒன்றுகூட நேராக விழவில்லை.

மிஸ் யூடீனின் ரம் கடையில் பாட்டில்களுக்கு மேலே ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் பெம்பர்ட்டனின் நடு ஸ்டம்ப் காற்றில் கரணம் அடிக்கிறது. அவருடைய மட்டை இன்னும் தோளுக்கு மேலே இருக்கிறது. மட்டையை இறக்கக்கூட மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். படத்தின் கீழே மிஸ் யூடீன் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தாள்: ‘உலகின் மிக வேகமான பந்து.’ அந்தச் சிவப்பு வரியை வைத்துத்தான் லிஸ்டன் முதுமையை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில் தொலைக்காட்சியில் ஒரு அறிவிப்பு வந்தது. பழைய டெஸ்ட் படச்சுருள்களைக் கணினியில் போட்டு, அன்றைய வேகப்பந்து வீச்சாளர்களையும் இன்றைய இளசுகளையும் மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கில் ஒப்பிடப்போகிறார்களாம். சனிக்கிழமை மதியம் லிஸ்டனின் முறை.

தீவின் வடகோடியிலிருக்கும் செயின்ட் லூசிக்காரன் ஃபிட்ஸ்ராய்க்குக் கொண்டாட்டம். அவன் ஊரிலும் பழைய வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் உண்டு. எண்பத்தைந்து மைலுக்குக் கீழே வந்தால் படத்தைக் கழற்றிவிட்டு அவர் படத்தை மாட்ட வேண்டும் என்று டாமினோ மேசையில் அறைந்து சொன்னான். அறைந்த வேகத்தில் மூன்று தெரு தள்ளி ஒரு கோழி முட்டையிட்டதாகக் கேள்வி. மிஸ் யூடீனும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து லிஸ்டன் இளைத்துப்போனான். வறுத்த பறக்கும் மீனைத் தட்டில் வைத்தால் அது திரும்பக் கடலுக்கே போய்விடும்போல வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். வெள்ளிக்கிழமை மாலை கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

“கீப்பர், நெஜமாவே நான் வேகமா?”

“என் விரலைப் பாத்தும் கேக்குறியா?”

“பாத்தவங்க எல்லாம் நீங்கதான். என் பந்தை நான் ஒரு தடவைகூட எதிர்ல நின்னு பாத்ததில்லையே.”

அதற்கும் விரல்களைத்தான் நீட்டினேன். அவன் அவற்றைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை கடையில் எலி நுழைய இடமில்லை. முதலில் இன்றைய இளைஞன் ஒருவனைக் காட்டினார்கள்: தொண்ணூற்று மூன்று. பிறகு லிஸ்டன். பெம்பர்ட்டனை வீழ்த்திய அதே பந்து. மற்ற பந்துகளின் படச்சுருள் எதுவும் மிஞ்சவில்லை, விக்கெட் விழுந்தது மட்டும்தான் கிடைத்தது என்று அறிவிப்பாளர் வருந்தினார். திரையில் இளம் லிஸ்டன் சட்டையின் இடது கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு ஓடத் தொடங்கினான். பின்னால் ஒல்லியான ஒரு கீப்பர் சத்தமில்லாமல் ஸ்டம்பை நோக்கி முன்னேறினான். அது நான்தான்.

எழுபத்தெட்டு மைல்.

பிறகு ஃபிட்ஸ்ராய் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். “எங்க ஊர் தபால் வண்டியே இதைவிட வேகம். கீப்பருக்குத் தெரியும், அவர்தான முத்திரை குத்தி ஏத்தி அனுப்புனாரு.”

எனக்கு வேறு ஒன்றும் தெரியும். லிஸ்டன் சட்டையின் இடது கையால் நெற்றியைத் துடைத்தால் அடுத்து வருவது மெதுவான பந்து. உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சைகை அது. நான் முன்னால் நகர்ந்ததும் அதனால்தான். சைகையை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். பேசிப் பேசியே பிழைத்த எனக்கு அந்த நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். சொன்னால் வேகம் பிழைக்கும். ஆனால் சுவரில் இருக்கும் பந்து வெறும் ஏமாற்றுப் பந்து என்று ஊருக்கே தெரிந்துவிடும். சொல்ல வேண்டியவன் லிஸ்டன்தான். அவனோ தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தான்.

ஃபிட்ஸ்ராயின் கை ஆணியைத் தொட்டது.

“கழட்டாத,” என்றான் லிஸ்டன். “அது மெதுவான பந்து.”

“மெதுவாத்தான் இருக்கு, டிவியே சொல்லிருச்சே.”

“வேணும்னே மெதுவாப் போட்டது, பாஸ். கீப்பர், சொல்லு.”

அணை உடைந்ததுபோல நான் பேசினேன். நெற்றி, சட்டை, சைகை எல்லாவற்றையும் கொட்டினேன். முகங்களில் சந்தேகம் அப்படியே இருந்தது. நண்பனுக்காக நான் என்னவும் சொல்வேன் என்பது அவர்களுக்குத் தெரியும். லிஸ்டனின் தொப்பி இப்போது அப்பளம்போல நொறுங்கியிருந்தது.

மிஸ் யூடீன்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போனாள். நெடுநேரம் பார்த்தாள்.

“ஏய் ஃபிட்ஸ்ராய், இந்தாளு வலக்கை ஆட்டக்காரன்தான?”

“ஆமா.”

“அப்ப மட்டை ஏன் இடது தோள்ல கெடக்கு?”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை காலம் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து குடித்தவர்களில் ஒருவர்கூட எந்தத் தோள் என்று பார்த்ததில்லை. பெம்பர்ட்டன் மட்டையை இறக்க முடியாமல் நிற்கவில்லை. வலக்கைக்காரர் மட்டையை ஓங்குவது வலது தோளுக்கு மேலே; வீசி முடித்தால்தான் அது இடது தோளுக்கு வரும். அவர் வீசி முடித்த பிறகுதான் பந்தே வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபிட்ஸ்ராய் ஆணியிலிருந்து கையை எடுத்தான். “மெதுவாப் போட்டதே எழுபத்தெட்டா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் கண்ணில் அப்போது தெரிந்த பயத்தை நான் சட்டம் போட்டு வைத்துக்கொள்வேன்.

மாலைக்குள் மிஸ் யூடீன் சிவப்புப் பெயின்ட்டை எடுத்து வரியைத் திருத்தினாள்: ‘உலகின் மிக வேகமான மெதுவான பந்து.’ வேகமான பந்து எத்தனை மைல் இருக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் நூற்றுப் பத்து என்றேன். கூட்டம் கூடக்கூட நூற்று முப்பது ஆயிற்று. லிஸ்டன் தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டான்.

வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வேகமாப் போட்ட பந்தோட படம் எங்கயாச்சும் கெடைக்குமா, கீப்பர்?”

“அதைப் புடிக்கற காமிரா இன்னும் வரலடா.”

சிரித்தான். ஆனால் இப்போதும் தொலைக்காட்சியில் ‘புதிதாகக் கண்டெடுத்த பழைய படச்சுருள்’ என்று யாராவது சொன்னால் போதும், லிஸ்டன் கையிலிருக்கும் கரண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது.