ஐந்தாவது கத்தி

எங்கள் வீட்டு மேஜிக்காரரிடம் ஏமாறாத ஒரே ஆள் நான்தான் என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். புறா எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது, சீட்டு எந்தக் கைக்குள் போனது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கல்யாணமான புதிதில் என் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டினார். "இடது கையில இருந்துச்சு, பாத்துட்டேன்" என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இவளை வெளியே உட்கார வைத்தால் ஆபத்து, பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பெட்டிதான் அப்போதிலிருந்து எனக்கு உத்தியோகம். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி ஒரு மரப்பெட்டி, சுற்றிலும் ஓட்டைகள். நான் உள்ளே போனதும் பூட்டிவிட்டு ஏழு கத்திகளை ஒவ்வொன்றாகச் செருகுவார். ஒவ்வொன்றும் மறுபக்கம் எட்டிப்பார்க்கும். பிறகு எல்லாவற்றையும் உருவிவிட்டுத் திறந்தால் நான் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பேன். இதில் மந்திரமும் கிடையாது, மாயமும் கிடையாது. எல்லாம் வரிசைதான். முதல் கத்தி இடுப்புக்குப் பின்னால் வரும், நான் முன்னால் சாய்ந்திருப்பேன். ஐந்தாவது வயிற்றுக்கு முன்னால் போகும், எக்கிக்கொள்வேன். கடைசிக் கத்தி கழுத்து உயரத்தில் வரும், அதற்குள் தலையைத் தொடைமேல் சாய்த்துவிடுவேன். வரிசை மாறினால் உடம்பை ஒதுக்க இடமிருக்காது. இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே இருப்பவள் மூச்சு விடலாம், பேசக் கூடாது.

இடுப்பு பெருத்த பிறகு, பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொன்னேன். "பெட்டி அதேதானே, நீதான்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது ஊரிலேயே பெரிய அரங்கம். இத்தனை காலமும் பள்ளிக்கூடம், கிளப், பிறந்தநாள் விழா என்று ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு வெல்வெட் திரை, பால்கனி, மேலேயிருந்து இறங்கும் விளக்கு! காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கொழுந்தன்தான் எங்கள் இசைக்குழு. ஒரு டிரம், ஒரு கீபோர்டு, அவன் இரண்டு கை, அவ்வளவுதான். திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணி, பால்கனியும் ஃபுல்! படிக்கட்டுல கூட உக்காந்திருக்காங்க!"

"நெசமாவா?"

"என் மேல சத்தியமா அண்ணி. எனக்குக் கையெல்லாம் நடுங்குது."

"நடுங்கட்டும் விடு, டிரம்முக்கு நல்லதுதான்."

இவர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். வயதானாலும் கோட்டுப் போட்டுவிட்டால் ராஜா மாதிரிதான். "முதல்ல எது? புறாவா, சீட்டா?" என்று கேட்டார். புறா என்றேன். அரங்கத்துக்குள் நுழைந்ததிலிருந்து இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய மேடை, பதற்றம் இருக்காதா? நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் கொண்டையிலிருந்து ஒரு காகித ரோஜாவை உருவி நீட்டினார். சிரித்துவிட்டேன். சொல்ல வந்தது மறந்தே போனது.

இந்தச் சிரிப்பில்தான் நான் கோட்டைவிட்டேன். சில மாதங்களாகவே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சாப்பிடும்போது, "அத எடு, அந்த... அள்ளிப் போடுறது" என்பார். கரண்டியா என்று நான் கேட்பதற்குள் அந்தக் கரண்டி அவர் சட்டைக் கைக்குள் போய் மறைந்து, என் மடியில் வந்து விழும். தினமும் போகிற மார்க்கெட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் எதிர்த்திசையில் பாலத்தில் ஏறிவிட்டார். "உனக்கு ஆத்தைக் காட்டலாம்னு வந்தேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இந்த வயதில் என்ன காதல் பாருங்கள் என்று! புறாக் கூண்டின் சாவியைத் தம்பி ஒளித்துவைத்துவிட்டான் என்று ஒரு நாள் வீட்டையே இரண்டாக்கினார். சாவி அவருடைய ஷூவுக்குள்ளேயே இருந்தது. அன்றைக்குக் கொழுந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, அண்ணன் முன்ன மாதிரி இல்லயே" என்றான். "உன் கண்ணுதான் முன்ன மாதிரி இல்ல, போய் கண்ணாடி மாத்து" என்று அவன் வாயை அடைத்தேன்.

திரை விலகியது. அப்பா, அந்தக் கைதட்டல்! காது அடைத்துவிட்டது. நான் மேடையோரம் நின்று பார்த்தேன். சால்வையை உதறினார், புறா கையில் வந்து உட்கார்ந்தது. "பாருங்க, இந்த... இந்த... வெள்ளையா..." என்று நிறுத்தினார். ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் புறாவை மேலே வீசினார். அது பால்கனிவரை பறந்து சுற்றி வந்தது. விசில் கிளம்பியது. என்னமாய் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார் மனிதர் என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

சீட்டு முடிந்தது, கயிறு முடிந்தது. அப்புறம் என் முறை. ஜிகினாச் சேலையில் கையசைத்துவிட்டுப் பெட்டிக்குள் இறங்கினேன். மூடி விழுந்தது. பூட்டுச் சத்தம் கேட்டது. டிரம் உருண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தன. நான் வயிற்றை எக்கிக்கொண்டு ஐந்தாவதுக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை.

டிரம் உருண்டுகொண்டே இருந்தது. கொழுந்தன் நிறுத்தவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் தவிப்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு இவர் குரல் கேட்டது. "பெரியோர்களே, குழந்தைகளே, இது என் கையில் இருக்கும் முதல் கத்தி." அது ஆரம்பத்தில் சொல்ல வேண்டிய வசனம். சொல்லி முடித்தாயிற்று. பெட்டிக்குள் விழுந்திருந்த வெளிச்சப் பொட்டுகளில் ஒன்று அணைந்தது. என் கழுத்துக்குப் பக்கத்து ஓட்டை. கடைசிக் கத்தியின் ஓட்டை! இப்போது தலையைச் சாய்த்தால் இன்னும் வராத ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் வழியிருக்காது. பின்னால் சாயவும் முடியாது, அங்கே முதல் கத்தி இருக்கிறது.

கத்தி உள்ளே வந்தது. கழுத்தில் பட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

குத்தவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கையை எப்படியோ மேலே கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். முனையை உருட்டி, மழுக்கி, வழவழவென்று தேய்த்திருந்தது. எங்கள் கத்திகள் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு போகிற அசல் கத்திகள். கத்தி அசல்தான் என்று ஜனங்களுக்கு அட்டையைக் குத்திக் காட்டுகிற வேலையை இவர் கொஞ்ச நாளாக விட்டுவிட்டிருந்தார். மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மறக்கவில்லை, காட்ட முடியாமல் விட்டிருக்கிறார்.

அந்த ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கரண்டி, பாலம், ஷூவுக்குள் சாவி, புறாவுக்குப் பெயர் கிடைக்காமல் நின்ற வாய். ஒவ்வொரு தடவையும் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்! அவருக்கு என்னமோ ஆகிக்கொண்டிருக்கிறது. அது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டிக்குள் இருப்பவளைத் தன் கை குத்திவிடுமோ என்று பயந்து கத்திகளை மழுக்கியிருக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் வெளியே ஆயிரம் பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தி போகாமல் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். அதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

"ஏங்க!" என்று கத்தினேன். "காலையில போட்ட சண்டைக்கு இப்பவா பழி வாங்குறீங்க?"

டிரம் சட்டென்று நின்றது. பெட்டி பேசிவிட்டது. பிறகு பால்கனியில் யாரோ ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது, அரங்கமே அதோடு சேர்ந்து வெடித்தது.

என் உயிர் என் கையில் இல்லை. அவர் பிடித்துக்கொள்வாரா? பிடித்துக்கொண்டார்! மேடையில் ஊறிய மனிதர் அல்லவா. "பாத்தீங்களா ஜனங்களே, உள்ள வெச்சுப் பூட்டினாலும் இவ வாயைப் பூட்ட முடியல!"

"முதல்ல அந்தக் கத்திய வெளிய எடுங்க. கழுத்துக்குக் கடைசியா வரலாம். முன்பக்கம் வாங்க."

"வந்துட்டேன்."

"நடு ஓட்டை. வயித்துக்கு முன்னால. இருங்க, எக்கிக்கிறேன். இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன்."

"கொஞ்சமா?"

"வெளிய வந்து பேசிக்கிறேன். ம், இப்ப விடுங்க, மெதுவா!"

ஐந்தாவது கத்தி வயிற்றை உரசிக்கொண்டு போனது. கொழுந்தன் சமயம் பார்த்து டிரம்மில் ஒரு அடி அடித்தான். ஆறாவதுக்கு முதுகுப்பக்கம் வரச் சொன்னேன். அவர் தப்பான பக்கம் போனார், "அந்தப் பக்கம் இல்ல, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் முதுகு எங்க இருக்குன்னு தெரியலயா?" என்றேன். சிரிப்பில் பெட்டியே அதிர்ந்தது. ஏழாவதுக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இப்ப வாங்க கழுத்துக்கு, ஆசைப்பட்டீங்களே!" என்றேன். இருட்டுக்குள் என் கண்ணீர் முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

கத்திகளை உருவி, மூடியைத் திறந்து, என்னைக் கைகொடுத்துத் தூக்கினார். எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். படிக்கட்டு, பால்கனி, எல்லா இடத்திலும் கைகள். எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. திரை விழுந்த பிறகும் நிற்கவில்லை.

பின்னாலிருந்த ஒப்பனை அறைக்குள் கொழுந்தன் பாய்ந்து வந்தான். "அண்ணி, அண்ணே! எப்ப ஒத்திகை பாத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே! நான் கதிகலங்கிப் போயிட்டேன்!"

"சர்ப்ரைஸ்டா" என்றார் இவர், கண்ணடித்து.

"போய் கூட்டத்தைப் பாரு, நாங்க வர்றோம்" என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மேஜையில் கிடந்த காகிதப் பூங்கொத்தை எடுத்து அவர் தோளில் ஒரு போடு போட்டேன்.

"எப்பத்துலேர்ந்து?"

"என்ன எப்பத்துலேர்ந்து?" என்றபடி அவர் கை கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது. அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"வித்தையெல்லாம் வேணாம். கத்திய தொட்டுப் பாத்துட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டு மட்டும் ராஜா மாதிரி இருந்தது. "மழைக்காலத்துல ஒரு ஸ்கூல் ஷோ போனோமே. மூணாவது கத்திய வெச்சுக்கிட்டு நின்னேன். எங்க போறதுன்னு தெரியல. வெறும் இருட்டு. அப்புறம் கை தானா போச்சு, சரியாவும் போச்சு. மறுநாளே பட்டறைக்குப் போய் எல்லாத்தையும் மழுக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

வெளியே கூட்டம் தாளம் போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தது. "என்கிட்ட ஏமாறாத ஆளு நீ ஒருத்திதான். உன்னையே ஏமாத்த முடியுதுன்னா எனக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ சிரிப்பே. நான் தப்பிச்சுட்டேன்னு இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். அவங்க என்ன கேட்டாலும் தெரிஞ்சா தெரியும், தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். சட்டைக் கைக்குள்ளேர்ந்து ஒண்ணும் வரக் கூடாது."

"புறா?"

"புறாவும்தான்."

சிரித்தார். கதவு படபடவென்று தட்டப்பட்டது. "அண்ணே, அண்ணி! யாரும் போக மாட்டேங்கிறாங்க. இன்னொரு தடவை வந்து நின்னாத்தான் போவாங்களாம்!" என்று கத்திவிட்டு அவன் ஓடினான்.

சேலையைச் சரிசெய்துகொண்டு அவரோடு வெளியே வந்தேன். குறுகலான நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவு. ஒன்று மேடைக்கு, இன்னொன்று தெருவுக்கு. சத்தம் எல்லாப் பக்கமும் மோதி எதிரொலித்தது. அவர் நடுவில் நின்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது ஜோக் அடிப்பார், இல்லை என்னை முன்னால் போகச் சொல்லிப் பின்னால் வருவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எந்தப் பக்கம்னு தெரியலம்மா" என்றார்.

"வலது பக்கம்" என்றேன். சொன்னதுதான் தாமதம், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையை நோக்கி ஓடினார்.