டாக்டர் ஜுமைலாவின் டுகாட்டி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்யும் ஷானவாஸின் மனைவி ஜுமைலா எலும்பு டாக்டர். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. பைக்கில் பறந்து விழுந்து கையையும் காலையும் முறித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு வாரம் முழுக்கத் தகடு வைத்து, கட்டுப் போட்டு, நன்றாகத் திட்டியும் அனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் நாற்பத்தொரு வயதில் டுகாட்டி பனிகாலே என்கிற பந்தய பைக்கில் வந்து இறங்கியபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

அன்றைக்குத் திரைச்சீலை வாங்கத்தான் இருவரும் எர்ணாகுளம் போயிருந்தார்கள். துணிக்கடைக்குப் போகிற வழியில் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றிருந்தது. ஜுமைலாவின் கால் தானாக நின்றுவிட்டது. கோயம்புத்தூரில் டாக்டருக்குப் படித்த காலத்தில் தோழி ஒருத்தியின் பைக்கை வாங்கிக்கொண்டு பாலக்காட்டுச் சாலையில் விரட்டி ஓட்டியவள் அவள். அப்புறம் கல்யாணம், மேற்படிப்பு, பிள்ளைகள், ஆபரேஷன் தியேட்டர். அந்த ஆசை போயே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். கண்ணாடி முன் நின்றபோதுதான் அது எங்கேயும் போகவில்லை என்று தெரிந்தது. ரோட்டுக்கும் பந்தயத் தடத்துக்கும் சேர்த்தே இத்தாலிக்காரர்கள் செய்த வண்டி, அவர்கள் கணக்கில் இது நடுத்தர ரகம்தான் என்று கடைக்காரர் விளக்கினார். ஷானவாஸ் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான்.

“சிவப்பு கொள்ளாம்,” என்றான். நன்றாயிருக்கிறது என்று சொன்னது சிவப்பை மட்டும்தானா, மனைவியின் ஆசையையும் சேர்த்தா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திரைச்சீலை வாங்குவதற்கு முன்பே அவள் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டாள்.

மட்டாஞ்சேரியில் அந்த வண்டியை ஓட்டுவது பெரும் பாடாக இருந்தது. முன்னால் மூட்டை ஏற்றிய லாரி, பக்கத்தில் கைவண்டி, நடுவில் வந்து நிற்கும் ஆட்டோ. இரண்டாவது கியருக்கு மேல் போக வழியில்லை. குனிந்து உட்கார்ந்து மணிக்கட்டு வலித்தது. இன்ஜினின் சூடு தொடையில் இஸ்திரி போட்டது. வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த மாமனார் பரீத், வாசலில் யாராவது நின்று பார்த்தால் மட்டும் “இத்தாலிச் சாமான்” என்று எழுந்து போய் விளக்கம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான் அவளுக்கு விடுதலை. தோப்பும்படி தாண்டி, பாலம் ஏறி, வெலிங்டன் தீவின் காலிச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவாள். திரும்பும்போது ஷானவாஸ் கேட்டருகில் நின்றுகொண்டிருப்பான், கையில் போனோடு. அவள் உள்ளே நுழைந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் பல் தேய்க்கப் போய்விடுவான். அவன் ஒரு நாள் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூர் பந்தயத் தடத்தில் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பழகலாம், பயிற்சியும் உண்டு என்று அறிவிப்பு வந்தது. மறுப்பான் என்று எதிர்பார்த்தே சாப்பாட்டு நேரத்தில் மெல்லச் சொன்னாள். ஷானவாஸ் மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கடையின் பிக்கப் வண்டி அன்றைக்குச் சும்மாதான் நிற்கும், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். சுக்கு மூட்டை ஏற்றுகிற பிக்கப்பில் சிவப்பு டுகாட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கோயம்புத்தூரில் இறக்கியபோதும் அதில் சுக்கு வாசம் அடித்தது.

தடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவளைவிடச் சின்னவர்கள். பயிற்சி கொடுத்த கேசவும் அப்படித்தான். வளைவில் போகும்போது பயப்படுகிற இடத்தைப் பார்க்காதீர்கள், போகவேண்டிய இடத்தைப் பாருங்கள் என்பதை அவன் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆளுக்கு நான்கு தடவை, தடவைக்குச் சில சுற்று என்று கணக்கு. முதல் தடவை எல்லாரும் அவளை முந்திப் போனார்கள். இரண்டாவது தடவை நேர்ச்சாலையில் மூன்று, நான்கு என்று கியர் ஏறியது. இத்தனை நாள் இருமிக்கொண்டிருந்த இன்ஜின் முதன்முதலாக வாய்விட்டுப் பாடியது. மூன்றாவது தடவை, கொண்டை ஊசி வளைவில், தடத்தின் ஓரத்துச் சரளைக்கல்லை ஒரு கணம் பார்த்தாள். நேரே அதற்குள்தான் போனாள்.

வண்டி ஒரு பக்கம் சரிந்து வழுக்கிக்கொண்டு போக, அவள் இன்னொரு பக்கம் உருண்டாள். வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே டாக்டர் ஜுமைலா தன்னைத் தானே பரிசோதித்தாள். காறையெலும்பு, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஓடிவந்தவர்களிடம், எழுந்துகொள்ள முடியும், ஆனால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது என்றாள்.

வண்டியை ஓரங்கட்டிய கொட்டகைக்குள் ஷானவாஸ் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. வண்டியின் ஒரு பக்கம் சிராய்ந்து, கிளட்ச் லீவர் வளைந்திருந்தது. மெக்கானிக் லீவரை மாற்றினார். எதுவும் ஒழுகவில்லை, ஓட்டலாம் என்றார். ஜுமைலா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். இனி வேண்டாம், ஏற்றிவிடலாம் என்றாள்.

“இன்னும் ஒரு தடவை இருக்கில்லே?” என்றான் ஷானவாஸ்.

“விழுந்தது நானாக்கும், மச்சான்.”

“கண்டேன்.” அவன் சிராய்ப்பைத் தடவிப் பார்த்தபடியே பேசினான். “ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணும், நீ வர்ற வரைக்கும் இதை நினைச்சுத்தான் நான் கேட்டிலே நின்னேன். நீ விழுறதை நான் எத்தனை விதமா கண்டுட்டேன் தெரியுமா? இன்னைக்கு அது நடந்தாச்சு. நீ எந்திரிச்சு, நடந்து வந்தே. எனக்கு சமாதானமாச்சு, ஜுமைலா. இப்போ நீ வண்டியை ஏத்தினா, என் பயம் உன்கிட்டே வந்துடும். அது வேண்டாம். போயிட்டு வா.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பையிலிருந்து கையுறையைத் திரும்ப எடுத்தாள்.

முதல் சுற்றில் கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்தாள். ஆமைபோல் சுற்றிக் கடந்தாள். அடுத்த சுற்றில் வலுக்கட்டாயமாகத் தலையைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தாள். வண்டி அவள் பார்வைக்குக் கட்டுப்பட்டது. உடம்பைச் சாய்த்தாள், அதுவும் சாய்ந்தது. தரை பக்கத்தில் வந்துபோயிற்று. கைப்பிடியை முறுக்கியதும் பின்சக்கரம் அவளை முதுகில் பிடித்துத் தள்ளியதுபோல் நேர்ச்சாலையில் எறிந்தது. ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரிப்பது கேட்டது. தன் சிரிப்புதான் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அதன்பின் அவள் வளைவுகளை எண்ணவில்லை. பயமும் எங்கேயோ பின்னால் விழுந்துவிட்டது. தன்னை முந்திப்போன ஒருவனைக் கடைசிச் சுற்றில் உள்பக்கமாகப் போய்க் கடந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் சுக்கு வியாபாரி ஷானவாஸ் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

திரும்பும் வழியில் வாளையார் தாண்டி ஒரு கடையில் சாயாவும் பரோட்டாவும் சாப்பிட நிறுத்தினார்கள். ஜுமைலா ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள்: எந்த இடத்தில் பிரேக்கை விட்டாள், எந்த இடத்தில் முட்டி தரையைத் தொட்டுவிடும்போல் இருந்தது, எல்லாம். ஷானவாஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே சாயாவை ஆற்றினான். அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டான். மழைக்காலம் முடிந்து என்றாள்.

அவன் சாயாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“ஒண்ணும் அறியாத ஆளு ஒருத்தன் பைக் படிக்கணும்னா, எந்த வண்டியிலே தொடங்கணும்?”

அவளுக்குச் சிரிப்பில் சாயா புரையேறிவிட்டது. அவன் சிரிக்கவில்லை. பதிலுக்காக உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தான். ஜுமைலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை ஒதுக்கி, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு, கிளட்ச் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.