மைனா நீக்கிய லைப்ரரி

கூரியர் வந்தால் வாங்கி வை என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க அடுத்த அறைக்குப் போயிருக்கலாம். என் கணவர் கூடவே, "நீ சும்மாதானே வீட்ல இருக்க" என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

நான்கு வருடமாக ஒரு குட்டி லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் தங்கள் செயலியில் அப்படியே சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, கட்டி மேய்க்கிறேன். மொபைல் செயலிகளில் தேதியைச் சரியாகக் காட்டுவது அதன் வேலை. இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறேன். அங்கே என் பெயர் மைனா. யார் யாரோ எடுத்துக்கொள்கிறார்கள், ஒருத்தர் நன்றி சொன்னதில்லை. யாருக்காக இப்படி மாரடிக்க வேண்டும் என்று மொத்தத்தையும் நீக்கிவிட்டேன்.

மத்தியானம் அடுத்த அறையில் அலறல். அன்று சாயங்காலம் அவர் குழுவின் டிக்கெட் செயலி வெளியாக வேண்டும். சொதப்பினால் குழு வேறொருவன் கைக்குப் போய்விடும். பார்த்தால், எல்லா நிரலையும் சேர்த்துச் செயலியை உருவாக்கும் பில்ட் பாதியில் நிற்கிறது. செயலி ஒரு காலண்டர் லைப்ரரியை நம்பியிருக்கிறதாம், அது மைனா என்கிற எவனுடைய லைப்ரரியையோ நம்பியிருக்கிறதாம், அதைக் காணோமாம். மைனாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். எழுந்து அவர் அறைக்குள் போய் நின்றேன்.

"அந்த மைனா நான்தான்."

வாயைப் பிளந்தார். பிறகு கெஞ்சினார், குழைந்தார். பாவமாக இருந்தது. லைப்ரரியைத் திரும்ப ஏற்றினேன். அவருடைய பில்ட் கோப்பையும் பார்த்தேன். எந்த லைப்ரரிக்கும் பதிப்பு எண் போடாமல், எது புதிதோ அதை எடுத்துக்கொள் என்று எழுதி வைத்திருந்தார். விளங்கினாற்போலத்தான். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். சோதனை பில்ட் பிழையில்லாமல் பச்சையாக முடிந்தது. வெளியிடுகிற பில்ட் ஆபீஸ் கணினியில் ஓட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது மேனேஜர் போன் செய்தார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"ஒண்ணுமில்ல சார், சின்னச் சிக்கல். நானே பாத்து முடிச்சிட்டேன்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அறைக்குப் போய் லைப்ரரியை மறுபடியும் நீக்கினேன்.

மேனேஜர் மீண்டும் கூப்பிட்டார். ஆபீஸ் பில்ட் விழுந்துவிட்டதாம். கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, என் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், அத சரி பண்ணது நான் இல்ல. என் வொய்ஃப். அந்த லைப்ரரியே அவங்க எழுதினதுதான். அவங்ககிட்டதான் கேக்கணும்."

மேனேஜர் ரொம்ப மரியாதையாக, எவ்வளவு நேரம் ஆகும் மேடம் என்றார். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், அது இவருக்கும் தெரியும்.

"ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்றேன்.

கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.