விற்காத ஓவியத்தின் சிவப்புப் பொட்டு

மேற்கே சாயும் கதிரவன் பல்லாவரத்துக் குன்றின் வெட்டுண்ட விலாவில் செம்மை பூச, கல்லுடைக்கும் ஆலைகளின் வெண்டூள் காற்றில் எழுந்து மரக்கிளையிலும் மாடிச் சுவரிலும் வேற்றுமையின்றிப் படிய, கடற்கரை நிலையத்திலிருந்து வந்த மின்தொடர்வண்டி தன் சுமையையெல்லாம் தாம்பரத்தில் இறக்கிவிட்டு இளைப்பாறும் மாலைப்பொழுது. எண்பதுகளின் கடைக்கூறு அது. ஏரிகள் மனைகளாகி, மனைகள் ஏலத்துக்கு வந்து, விலை ஏறாத பொருளே இல்லையென்றான அந்நாளில் ஓவியத்துக்கும் விலை ஏறியதில் வியப்பென்ன, அன்பரே? நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பொன்னைத் தேர உரைகல் உண்டு. ஓவியத்துக்கோ, பக்கத்தில் நிற்பவன் அதைக் கொண்டுபோய்விடுவானோ என்னும் ஐயம் ஒன்றே அளவுகோல்.

அவ்வளவுகோலைக் கையாள்வதில் வல்லவர் பக்தவச்சலம். தாம்பரத்துக் கடைத்தெரு மாடியில் ஓவியக்கூடம் நடத்தியவர். வெள்ளுடையும் இன்சொல்லும் உடையவர். அவர் சிரித்தால் எதிரில் நிற்பவர் தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். விற்ற ஓவியத்தின் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டுவது அத்தொழிலின் வழக்கம். அவரோ விற்காதவற்றின் கீழும் நான்கைந்து ஒட்டிவைப்பார். கண்டவர், பிந்திவிட்டோமே என்று பதறி மற்றவற்றின்மேல் பாய்வார்கள்.

கோவிலம்பாக்கத்தில் தனித்து வாழ்ந்த கனகவல்லி, பள்ளியொன்றில் ஓவியம் பயிற்றுபவள். அவளுடைய ஒரே மகள் பொன்னி ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் மாண்டாள். நிழற்படம் ஒன்றுகூட எடுத்துவைக்காமல் பறிகொடுத்த பிள்ளை. நினைவு மங்குமுன் தாய் அவளை வரைந்துவிட்டாள்: படியில் அமர்ந்து, புளியங்காயைக் கடித்து, புளிப்புத் தாளாமல் ஒரு கண்ணை இடுக்கிச் சிரிக்கும் பொன்னி. கனகவல்லியின் முதல் ஓவியக் காட்சிக்கு அந்தப் படமும் வேண்டுமென்று பக்தவச்சலம் கேட்டபோது, என் பிள்ளையை நாலுபேர் பார்க்கட்டுமே என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. ஆயினும் அஞ்சினாள்.

"அது என் பொண்ணு சார். விக்கிறதுக்கில்ல."

"விக்க மாட்டேன்னு எழுதினா அதத்தான் மேடம் எல்லாரும் கேட்டு நச்சரிப்பாங்க. பேசாம ஒரு ரெட் டாட் ஒட்டிடலாம். வித்துடுச்சுன்னு நெனச்சு ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. சேஃப்."

காவலென்று எண்ணி அவளே அந்தப் பொட்டைத் தன் விரலால் ஒட்டினாள். பேதைமைதான், ஆனால் ஓவியச் சந்தையை அறியாத எவரும் அதையே செய்திருப்பார்கள்.

காட்சி முடிந்த நாளில் சுவரில் பொன்னி இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலருகே தொழிற்சாலை வைத்திருந்த அப்பாதுரை என்னும் செல்வர், வேறெவனோ கொண்டுபோகிறான் என்ற பொறாமையாலேயே இருமடங்கு கொடுத்து அதை வாங்கிப் போயிருந்தார்.

"பொட்டு இருந்தது, ஊரே பாத்துது. இப்ப விக்கலன்னு சொன்னா யார் நம்புவா?" என்றார் பக்தவச்சலம், பணம் வைத்த உறையை நீட்டியபடி. அவள் தள்ளிவிட்டாள். அழுது மன்றாடினாள். அவர் குரலைத் தாழ்த்தினார்: "செத்துப்போன பொண்ணுன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த ஸ்டோரி தெரிஞ்சா இன்னும் கெட்டியாப் புடிச்சுக்குவார்."

பொட்டு ஒட்டச் சொன்ன அன்றே இதை எண்ணியிருந்தாரா என்று கேட்பீராயின், எனக்கு ஐயமே இல்லை. பாவி எண்ணித்தான் இருந்தார். ஆனால் தாம் சொன்ன அந்தக் கடைசிச் சொல்லில் தம்மையறியாமல் ஒரு பாடத்தையும் கற்பித்துவிட்டார். மெய் சொன்னால் விலை ஏறும்.

பெரும்பொருள் கொடுத்தவர்க்கு ஏமாந்தோமோ என்ற நடுக்கம் ஓயாது. ஆகவே அப்பாதுரை தம் புதுமனையில் விருந்தினரைக் கூட்டி, வரைந்தவளே வந்து அனைவர் முன்னும் தன் படமென்று சொல்லவேண்டுமென அழைத்திருந்தார். கனகவல்லி சென்றாள். திரை விலகியது. பொன்னி கண்ணை இடுக்கிச் சிரித்தாள். ஆனால் படத்தின் மூலையில் கனகவல்லி என்று ஒரு கையெழுத்து இருந்தது. விற்காத படத்துக்கு அது எதற்கென்று அவள் இட்டதே இல்லை. விருந்தினரோடு நின்றிருந்த பக்தவச்சலம் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இன்னாம்மா, உன் படந்தானே? எல்லாரும் கேக்குற மாரி சொல்லு," என்றார் அப்பாதுரை.

"கையெழுத்து என்னுது இல்ல சார்."

"அப்போ படம்?"

என் படமென்றால் பொன்னி இச்சுவரிலேயே இருப்பாள். கனகவல்லி மகளின் முகத்தைப் பாராமல் தரையைப் பார்த்தாள்.

"படமும் என்னுது இல்ல. நான் வரைஞ்சது வேற. இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது."

அதுவரை வியந்து நின்ற விருந்தினருள் ஒருவர், படத்தில் அந்தக் கண் சரியில்லையென்று முன்பே நினைத்ததாகச் சொன்னார். மற்றவர்க்கும் உடனே அப்படியே தோன்றிற்று. பக்தவச்சலம் வாயிற்பக்கம் ஓரடி நகர்ந்தார். படம் அவளுடையதே என்று நிறுவவேண்டுமாயின் கையெழுத்திட்டது தாமே என்றல்லவா ஒப்புக்கொள்ளவேண்டும்!

"டூப்பு படத்த என் வூட்ல மாட்ட வச்சிட்டு, எனக்கே பேஜார் குடுக்கிறியா? துட்டக் கீழ வையி!" என்று அவர்மேல் சீறிய அப்பாதுரை, படத்தைக் கழற்றி வாயிற்புறம் வீசச் சொன்னார்.

"நான் எடுத்துக்கவா சார்? சட்டம் நல்லா இருக்கு," என்றாள் கனகவல்லி.

"எடுத்துகினு போ."

அன்றுமுதல் அவள் வரைந்தவை அனைத்தும் ஐயத்துக்குரியனவாயின. எந்தக் கூடமும் அவளை மீண்டும் அழைக்கவில்லை. அது பின்னைய செய்தி. அம்மாலையில் அவள் தாம்பரம் செல்லும் வண்டியேறி, படத்தை மடியில் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு அமர்ந்தாள். எதிரே, மீன் விற்று வெறுங்கூடையோடு திரும்பும் பெண்ணொருத்தி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா, உன் பொண்ணா? உன்ன மாரியே கீது."

செல்வர் கூடிய அவையில் அத்துணைப் பெரிய பொய்யை நடுங்காது சொன்ன நாவால், ஆமாம் என்னும் அச்சிறு மெய்யைச் சொல்ல இயலவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.