பெரிய மெஷின்

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இரண்டு கட்டில்களும் தெரிந்தன. ஒன்றில் அண்ணன், அடுத்ததில் தம்பி. ஒரே அச்சகத்தில் வேலை பார்த்து, ஒரே காய்ச்சலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்கள். அண்ணன் மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாய் ஒன்று, அவ்வளவுதான். தம்பிக்கோ தலைமாட்டில் ஆளுயர மெஷின், விரல் தடிமனுக்குக் குழாய், இரண்டு கையிலும் மருந்து. அவனைக் குப்புறப் படுக்கவைக்க மட்டும் நாலு பேர் வந்துபோனார்கள்.

கதவுக்கு வெளியே காத்திருந்த அண்ணன் மனைவிக்கு, அந்த வீட்டு மூத்தவளுக்கு, வயிறு எரிந்தது. அந்த வீட்டில் காற்றோட்டமான மாடி அறை தொடங்கி எல்லா நல்லதும் சின்னவனுக்குத்தான். இந்த மனுஷன் வாய் திறந்து ஒரு நாள் கேட்டதில்லை. இப்போது வைத்தியத்திலும் ஓரவஞ்சனை. பக்கத்து நாற்காலியில் ஓரகத்தி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்தாளோ, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருப்பதைப் பார் என்று மூத்தவள் உள்ளுக்குள் கறுவினாள்.

அப்போது நர்ஸ் அண்ணன் மூக்கிலிருந்த குழாயையும் கழற்றிச் சுவரில் மாட்டினாள். மூத்தவள் பாய்ந்து போய்க் கதவடியில் அவளை வழிமறித்தாள்.

"இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு என்ன இளிச்சவாயனா? தம்பிக்கு வச்ச மெஷின இவருக்கும் வைங்க."

நர்ஸ் அவளை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தணித்தாள்.

"அவருக்குத் தானாவே மூச்சு நல்லா வருதும்மா. அதான் எடுத்தேன். அந்த மெஷினக் கேக்காதீங்க. அதுலயும் தம்பிக்கு மூச்சு ஏறல. இனிமே தொண்டைக்குள்ள குழாய் விட்டுத்தான் பாக்கணும். டாக்டர் அதுக்குத்தான் வந்துட்டிருக்காரு."

மூத்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது வந்ததே என்றுதான் பிறகு கூசியது. அண்ணி அண்ணி என்று சமையலறை வாசலில் வந்து நிற்கிறவன் அவன்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஓரகத்தி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா எழுந்து உக்காந்துட்டாரு போல, அக்கா."

குரலில் ஒன்றுமில்லை. பார்வையில் இருந்தது. அந்தப் பார்வையை மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு நேரம் தன்னிடமே இருந்ததுதான்.

உள்ளே மூத்தவளின் புருஷன் தலையணையில் சாய்ந்துகொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தபடி கையசைத்தான். படுத்துக்கொள்ளும்படி இவள் சைகை காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. இன்னும் உயரத் தூக்கி ஆட்டினான். மூத்தவள் எழுந்து, ஓரகத்திக்கு அவன் தெரியாதபடி கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். பின்னால் அவன் கையசைத்துக்கொண்டே இருந்தான்.