இடுப்பளவு வேலி

எங்கள் வீட்டு வேலியை இடுப்பளவுக்கு வெட்டச் சொல்லி தெருச் சங்கம் முடிவெடுத்ததை எதிர்வீட்டு டீச்சர்தான் வந்து சொன்னார். முகத்தில் அவ்வளவு அக்கறை.

"தப்பா எடுத்துக்காதம்மா. தெருன்னா பாக்க ஒரே மாதிரி இருக்கணும்ல? உங்க வீடு மட்டும் காடு மாதிரி கிடக்கு."

"காட்டுக்குள்ள வரச்சொல்லி யாரும் உங்களைக் கூப்பிடலையே டீச்சர்."

டீச்சர் போன பிறகு அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். "உனக்கு வாய் ரொம்ப நீளம்டி."

வேலியும் நீளம், வாயும் நீளம். முதலில் எதை வெட்டுவார்களோ வெட்டட்டும் என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு கம்பெனியில் புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் போனில் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குத்தான் சம்பளம். அதனால் வீட்டுக்கு வந்த பிறகு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அப்பா லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டில் இருக்கும் நாள்கள் குறைவு. அம்மா நகராட்சியில் துப்புரவு வேலை. விடியும் முன் போய் மார்க்கெட் ரோட்டைக் கூட்டிவிட்டு மதியம் திரும்புவாள். மார்க்கெட் ரோடு. இந்தத் தெரு இல்லை. இந்தத் தெருவுக்கு வேறொருவர் இருக்கிறார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

இங்கே குடிவந்தபோது வாசலில் குட்டைச் சுவர் மட்டும்தான். அம்மா வேலை முடிந்து வந்து, கால் கழுவி, நைட்டிக்கு மாறி, வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஸ்டூலில் காலை நீட்டி டீ குடிப்பாள். அவள் வாழ்க்கையில் சொகுசு என்று ஒன்று இருந்தால் அது அதுதான். டம்ளர் பாதி காலியாவதற்குள் சுவருக்கு மேலே ஒரு தலை முளைக்கும்.

"அம்மா, சும்மாதானே இருக்கீங்க? எங்க வாசல்ல எலி செத்துக் கிடக்கு."

"அம்மா, எங்க சாக்கடை அடைச்சுக்கிட்டு நிக்குது. நீங்கதான் நல்லா எடுப்பீங்க."

எல்லாவற்றுக்கும் மேல் செக்ரட்டரி. சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாசலில் ஒரு பூ மரம் நிற்கிறது. பூக்கிற கொஞ்ச நாள் ஊரே நின்று போட்டோ எடுக்கும். அப்புறம் ஒரேயடியாக இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பூவை ரசிப்பது அவர், இலையை அள்ளுவது எங்கம்மா.

அதற்கு அவர்கள் காசும் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காசு கொடுத்தால் நன்றாக இருக்காதாம். கூப்பிடும்போது துப்புரவுக்காரி, கொடுக்கும்போது பக்கத்து வீடு.

"முடியாதுன்னு சொல்லேம்மா" என்று எத்தனையோ முறை சண்டை போட்டேன். "மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது?" என்பாள். மூஞ்சிதான் பிரச்சினை என்றால் மூஞ்சியே தெரியாமல் செய்துவிடலாம் என்று செடி வாங்கப் போனேன்.

நர்சரிக்காரர் பூக்கிற செடியைத்தான் காட்டினார். "இதை வைங்க, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"இலை உதிருமா?"

"எல்லாம் உதிரத்தான் செய்யும். சீசன்ல கொஞ்ச நாள் குச்சியா நிக்கும், அவ்வளவுதான்."

"அந்தக் கொஞ்ச நாள் எங்கம்மா எங்க உக்காருவாங்க?"

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுந்து போய் ஃபைக்கஸ் கன்றுகளை எடுத்து வந்தார். இது வருஷம் பூரா பச்சைதான், இதுவும் இலை உதிர்க்கும், ஆனால் பழசு ஒன்றிரண்டாக விழுவதற்குள் புதுசு வந்துவிடும், மொட்டையாகவே ஆகாது என்றார். நெருக்கி நட்டேன். உயரமாகப் போகிற ஆசையில் விட்டுவிடாமல் நுனியைக் கிள்ளிக் கிள்ளி அடியிலிருந்தே அடர்த்தியாக்கினேன். இரண்டு மழைக்காலம் போனதும் வேலி அம்மாவின் தலையைத் தாண்டிவிட்டது.

மறைப்புக்காக வைத்தது, கூடவே எவ்வளவோ கொண்டுவந்தது. மதியத்தில் முன்னறைச் சுவர் முன்பெல்லாம் கை வைத்தால் சுடும். இப்போது சாய்ந்து உட்காரலாம். தெருவில் வண்டி கிளப்பும் புழுதி இலைமேல் படிகிறது, அம்மாவின் நெஞ்சில் இல்லை. காலை முழுக்க மார்க்கெட் புழுதியைத் தின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதையே பரிமாற வேண்டாமே. ராத்திரி இருமல் குறைந்தது. ஹாரன் சத்தம் கொஞ்சம் மழுங்கியது. எங்கிருந்தோ தையல்சிட்டு ஒன்று வந்து கூடு கட்டிக்கொண்டது. மற்ற வாசல்களெல்லாம் வறண்டு குச்சியாக நிற்கும் மாதத்தில் எங்கள் வாசல் மட்டும் பச்சை. விழும் இலைகள் செடியடியிலேயே கிடந்து மக்கிப் போகும். அம்மா அதைத் தொடுவதில்லை. "வேணும்னா நீ கூட்டிக்கோ. இந்த வீட்டுல எனக்கு டியூட்டி கிடையாது" என்பாள்.

தலைகளும் நின்றுபோயின. மணி அடித்துக் கூப்பிடலாம்தான். ஆனால் மணி அடித்து, கதவு திறக்கும்வரை நின்று, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து "வந்து என் சாக்கடையை அள்ளு" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்ல அது தேவைப்படவில்லை.

இதைத்தான் இடுப்பளவுக்கு வெட்ட வேண்டுமாம்.

மறுநாள் சாயங்காலம் செக்ரட்டரியே வந்தார்.

"பாப்பா, அம்மா இல்லையா?"

"நான் பாப்பா இல்ல சார். வேலைக்குப் போறேன். சொல்லுங்க."

"வேலி இவ்வளவு உயரமா இருந்தா பாதுகாப்பு இல்லம்மா. திருடன் ஒளிஞ்சுக்குவான். பாம்பு வரும். கொசு வரும்."

"கொசு தேங்கின தண்ணில வரும் சார். உங்க வீட்டு முன்னாடி சாக்கடை ரொம்ப நாளா அடைச்சுக் கிடக்கு. திருடன் வந்து எங்க வீட்டுல எதை எடுப்பான்? என் டிகிரி சர்ட்டிஃபிகேட்டையா?"

"படிச்ச திமிர்ல பேசக்கூடாது."

"படிக்காம பேசினா மட்டும் கேட்டுருவீங்களா சார்? எங்கம்மா பேசி எத்தனை தடவை கேட்டிருக்கீங்க?"

அவர் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்: "வெட்டிக்கோங்க சார். இவ சின்னப் பொண்ணு, எதையாவது உளறுவா."

அவர் போனதும் வெடித்தேன்.

"யாருக்காகம்மா நான் இத்தனை நாளா கிள்ளிக் கிள்ளி வளர்த்தேன்?"

"தெருவுல நாலு பேரோட இருக்கணும்டி. செடிதானே, திரும்ப வளரும்."

"அது வளர்ற வரைக்கும்? தலை தலையா வந்து நிப்பாங்க. நீயும் எழுந்து எழுந்து போவ."

"போனா போறேன். செத்தா போயிடப் போறேன்?"

அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளினாள். நான் தின்னாமல் எழுந்தேன். எனக்குச் செக்ரட்டரிமேல் இருந்த கோபத்தைவிட அம்மாமேல்தான் அதிகம். அந்த ஒரு டம்ளர் டீ தனக்கு உரியது என்று அவளுக்கே தோன்றாவிட்டால் நான் எந்தச் செடியை நட்டு என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துத் தோட்டக்காரர் வெட்டும் மெஷினோடு வந்தார். பின்னால் செக்ரட்டரி, டீச்சர், வேடிக்கைக்கு இன்னும் சிலர். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை; ஆனாலும் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா வழக்கம்போல் உள்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டியிருந்தாள். லீவு நாள். கையில் டீ. வெளியே மெஷின் அலற ஆரம்பித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

தோட்டக்காரர் கேட் பக்கத்திலிருந்து தொடங்கினார். கிளைகள் பச்சையாகத் தெருவில் விழுந்தன. சிட்டு எங்கோ கத்தியது. ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்ததும் அதன் வழியே அம்மா தெரிந்தாள். முதலில் நீட்டிய கால், பிறகு நைட்டி, பிறகு முகம்.

செக்ரட்டரியும் பார்த்தார். யோசிக்கவே இல்லை அவர். வாய் தானாகச் சொன்னது.

"அம்மா, சும்மாதானே இருக்கீங்க? இதையெல்லாம் அப்படியே கூட்டி ஓரமா அள்ளிப் போட்டுருங்க. வண்டி போகணும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "தம்பி, மெஷினை நிறுத்துங்க."

தோட்டக்காரர் நிறுத்தினார்.

"என்னம்மா, வெட்டிக்கோங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் செக்ரட்டரி.

"அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கு வேணாம்னு சொல்றேன்."

"இது சங்கத்தோட முடிவும்மா."

"செடி என்னோடது சார். ஒரு இலைகூட உங்க யார் வாசலுக்கும் வந்ததில்ல. உங்க மரத்து இலையை நான் அள்ளியிருக்கேன், மூட்டை மூட்டையா. என் வேலியை வெட்டி என் வாசல்லயே குப்பையாப் போட்டுட்டு, அதையும் என்னையே அள்ளச் சொல்றீங்க. எப்படி சார் வாய் வருது?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா..."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் இன்னைக்கு எனக்கு லீவு."

டீச்சர் தரையைப் பார்த்தார். செக்ரட்டரி தோட்டக்காரரைப் பார்த்து, "நீ வெட்டுப்பா" என்றார்.

தோட்டக்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். "வீட்டுக்காரம்மா வேணாம்னா நான் கை வைக்க மாட்டேன் சார். என்னை வெட்டத்தான் கூப்பிட்டீங்க, வம்பு வாங்க இல்ல."

அவர் போனதும் வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள். கிளைகள் மட்டும் நடுத்தெருவில் கிடந்தன. செக்ரட்டரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரும் குனியவில்லை. கடைசியில் அம்மாவைப் பார்த்து, "துடைப்பம் ஒண்ணு இருந்தா குடுங்க" என்றார்.

"இருக்கு சார். ஆனா அது ஆபீஸ் துடைப்பம். வெளியாளுக்குக் குடுத்தா என்னைத்தான் கேப்பாங்க."

அவர் வெள்ளைச் சட்டையோடு குனிந்து, கிளைகளைக் கையாலேயே இழுத்துக்கொண்டு போனார். ஒரு தடவையில் முடியவில்லை. ஃபைக்கஸ் பால் பிசுபிசுவென்று ஒட்டும், துணியில் பட்டால் கறை போகாது. நான் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் பயம் விடவில்லை. "பழைய போர்வையை எடுத்து அந்த இடத்துல கட்டட்டுமாம்மா? வளர்ற வரைக்கும் மறைப்பா இருக்கும்."

"எதுக்கு?" என்றாள் அம்மா. "நான் என்ன திருடிட்டா உக்காந்திருக்கேன்?"

சாயங்காலம் டீச்சர் அந்த இடைவெளிக்கு எதிரே வந்து நின்றார். "அம்மா..."

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. காலையும் இறக்கவில்லை. "சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் தன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கால்களைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, சும்மாதான்."

"சரி" என்றாள் அம்மா.

நான் குழாயை இழுத்து வந்து வெட்டுப்பட்ட செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். கொஞ்சம் தெருவிலும் தெறித்தது. தெறிக்கட்டும்.