தியோதிமஸின் மகள்

மகன் உள்ளே வந்தபோது நான் பார்லி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவன் தண்ணீர் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"எடுத்துட்டாங்கம்மா."

"எதை?"

"என் பேரை."

கை அதுபாட்டுக்குப் பிசைந்துகொண்டே இருந்தது. மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

தாயும் தகப்பனும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். ஒவ்வோர் ஊரும் தன் பட்டியலை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று நகரத்துச் சபை உத்தரவு போட்டிருந்தது. ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், ஊர் ஆண்கள் ஏற்றோ எதிர்த்தோ ஆளுக்கொரு கல் ஜாடிக்குள் போடுவார்கள். எங்கள் வீட்டுக்கு அதனால் ஒன்றும் வராது என்றிருந்தோம். யூபியாப் போரில் செத்துப்போன என் கணவர் இந்த ஊரில் பிறந்தவர். மகன் ஃபிலாக்ரஸ் போன வருஷம் ஊர்த்தலைவராகவே இருந்தவன்.

"அப்பாவைப் பத்தி யாரும் பேசல. நம்ம ஊர்க் காலியாதஸ் எந்திரிச்சு உன்னைப் பத்திக் கேட்டான். தியோதிமஸோட மகள்னு சொன்னேன். 'தியோதிமஸுக்கு ரெண்டு மகள். ஒண்ணு பொண்டாட்டி பெத்தது, இன்னொண்ணு திரேஸ் நாட்டு அடிமை பெத்தது. உன் அம்மா எது? பேரைச் சொல்லு'ன்னான்."

"கல்யாண விருந்து சாப்பிட்டவங்க யாருமே இல்லையா?"

"இருந்தாங்க. முக்காடு போட்ட ஒரு பொண்ணைப் பாத்தோம், உள்ள யார் இருந்தாங்கன்னு எங்களுக்கென்ன தெரியும்ங்கிறாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

முப்பத்தைந்து வருஷமாக அந்த முக்காட்டைச் சரியச் சரிய இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் என் பெருமையாக இருந்தது.

"நௌசன் பெரியவர் வரலையா?"

"முன் வரிசையில உக்காந்திருந்தார்."

நான் பிறந்த பத்தாம் நாள் என் தகப்பனார் விருந்து வைத்து, உறவுக்காரர்கள் முன்னால் எனக்குப் பெயரிட்டார். அந்த விருந்தில் சாப்பிட்டவர்களில் உயிரோடிருப்பது நௌசன் ஒருவர்தான். அடிமைக்குப் பிறந்த பெண்ணுக்கு அப்படி விருந்து வைக்க மாட்டார்கள். அன்று இட்ட பெயர் காதில் விழுந்திருந்தால் போதும், அவர் எழுந்து சாட்சி சொல்லியிருப்பார்.

"நீ சொல்லலையா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அத்தனை ஆம்பளைங்க முன்னாடி உயிரோட இருக்கிற அம்மா பேரை எப்படிம்மா சொல்றது? செத்தவங்க பேரையும் விலைமாதுங்க பேரையும்தான் சபையில சொல்லுவாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். நௌசன் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தார். உடனே கல் போடச் சொல்லிட்டாங்க."

நான்தான் அப்படி வளர்த்தேன். ஐந்து வயதில் தெருவில் நின்று என் பெயரைக் கத்தியதற்காக இவன் கன்னத்தில் அறைந்திருக்கிறேன்.

"யாருப்பா எதிராப் போட்டது?"

"யாருன்னு சொல்ல? கையை மூடிக்கிட்டு ஜாடிக்குள்ள விட்டு எடுக்கிறாங்க." பிறகு, "எனக்கு முன்னாடி வெங்காயக்காரி மகன் பேரு வந்துச்சு. அவன் பேச்சுல வெளியூர் வாடை அடிக்கும்ல? நானும் எதிராத்தான் போட்டேன். அவன் பேரும் போயிடுச்சு" என்றான்.

மாவுக் கையோடு அவனைத் தொடப் போனவள் நின்றுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அர்க்கிப்பே அத்திப்பழம் கொண்டுவந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரர் உங்க பிள்ளைக்கு நல்ல கல்லுதான் போட்டாராம். அடுப்பு மேல சத்தியம் பண்ணினார்." அவளுக்குப் பின் வந்தவளும் அதையே சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதி வீடுகளிலிருந்து நல்ல கல் வந்து சேர்ந்துவிட்டது. காலியாதஸின் மனைவிகூட ஒரு கிண்ணம் ஆலிவ் அனுப்பியிருந்தாள். அவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் செய்யாத ஒன்று என் வீட்டில் நடந்திருந்தது.

நகரத்து நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே தீர்ப்புச் சொல்ல ஐந்நூறு பேர். ஜெயித்தால் பெயர் திரும்ப வரும். தோற்றால் ஃபிலாக்ரஸை அடிமையாக விற்றுவிடுவார்கள். போகாவிட்டால், பிறந்த மண்ணில் அயலானாக, ஓட்டும் நிலமும் இல்லாமல் பிழைத்துக் கிடக்கலாம்.

"நௌசனுக்கு எண்பது வயசு," என்றேன். "அடுத்த குளிர்காலம் தாங்க மாட்டார்."

"தெரியும்."

"அப்போ இப்பவே சொல்லிப் பழகு."

என்ன கேட்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்தது. கன்னம் சிவந்தது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தப் பார்த்தான்.

"திறந்தே இருக்கட்டும்," என்றேன்.

கதவைப் பிடித்தபடி நின்றான். உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு, அடிக்குக் காத்திருக்கும் ஐந்து வயதுக்காரனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு, "லிசில்லா," என்றான். "தியோதிமஸின் மகள் லிசில்லா."

என் தகப்பனாருக்குப் பிறகு ஓர் ஆணின் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. முக்காட்டை இழுக்கத் தலைக்குப் போன கை பாதியில் நின்றது.

தெருவில் போய்க்கொண்டிருந்த அர்க்கிப்பேயின் கணவர் சட்டென்று நின்று, எங்கள் வாசல் பக்கம் திரும்பினார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வலது கை மூடியிருந்தது.